பெயர்ப்பலகை இல்லாத ரயர்க் கடையும் என் ஐந்தாவது பின் ரயரும்

மீன் கணக்கு எழுதும் கொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பினால் ரயர்க் கணக்கு வரும். 2021 பெப்ரவரியிலிருந்து எழுதி வருகிறேன். வாங்கிய நாள், அன்றைக்கு மீற்றர் காட்டிய தூரம், கொடுத்த காசு, கழற்றிய நாள், கழற்றிய காரணம் எல்லாம் அதில் இருக்கின்றன. இதுவரை ஐந்து பின் ரயர்கள், இரண்டு முன் ரயர்கள். ஐந்தாவது பின் ரயர் 9,000 கிலோமீற்றரைத் தாண்டி இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. விடியற்காலையில் கரையில் வள்ளத்தைப் பார்த்து நிற்கும்போது மற்ற வியாபாரிகள் என் பின் சில்லைக் குனிந்து பார்த்துவிட்டு எங்கே வாங்கினாய் என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதுகிறேன்.

முதலில் என் ஓட்டம். பஜாஜ் சி.டி. 100 மோட்டார் சைக்கிள். பின்னால் மீன் பெட்டி. முல்லைத்தீவுக் கரையில் ஐந்து மணிக்கு மீன் எடுத்து, தண்ணீரூற்று, முள்ளியவளை வழியாக ஒட்டுசுட்டான் வரை வந்து, பிறகு முத்தையன்கட்டுப் பக்கம் உள்ளே இறங்கி வீடு வீடாக விற்றுத் திரும்பினால் ஏறத்தாழ 70 கிலோமீற்றர் ஆகிறது. மாங்குளம் வீதி தார்போட்டு நன்றாக இருக்கிறது. உள்வீதிகள் கிரவல். வாடைக்காற்று பலமாக வீசும் நாட்களில் வள்ளம் இறங்காது, எனக்கும் ஓய்வு. ஆக மாதத்துக்கு 1,400, 1,500 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகத்துக்குப் போய் வரும் ஒருவருடைய ரயர் என்னுடையதைவிட நிச்சயமாகக் கூடுதலாக ஓடும். என் எண்ணை அவர் தன் எண்ணாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பாரத்தையும் சொல்ல வேண்டும். என் பின் ரயரின் பக்கச்சுவரில் 3.00-17 என்றும் அதற்கருகில் 50 பி என்றும் பொறித்திருக்கிறது. மூன்று அங்குல அகலம், பதினேழு அங்குல றிம் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த 50 என்பது பாரக் குறியீடு. சரியான காற்றோடு இருந்தால் அந்த ஒரு ரயர் 190 கிலோ வரை தாங்கும் என்று பொருள். பி என்ற எழுத்து மணிக்கு 150 கிலோமீற்றர் வேகம் வரை தாங்கும் என்கிறது. என் மோட்டார் சைக்கிள் அந்த வேகத்தில் ஓட வேண்டுமென்றால் மலையிலிருந்து உருட்டிவிட வேண்டும். முல்லைத்தீவில் அதற்கு மலையும் இல்லை. ஆனால் 190 கிலோ எனக்கு முக்கியம். வண்டியின் பாரத்தில் பாதி 55 கிலோ, என் பாரத்தில் பின்னால் விழுவது 45 கிலோ, பெட்டியும் ஐஸும் மீனும் 60 கிலோ. எல்லாம் சேர்ந்து 160. பாரை மீன் காலத்தில் பேராசைப்பட்டு இன்னும் 30 கிலோ ஏற்றினால் எல்லையில் நிற்கிறேன். இதை எனக்குக் கணக்குப் பார்த்துக் காட்டியவர், நான் இங்கே எழுத வந்த கடைக்கார ஐயாதான். அதற்கு முன்பு அந்த எண்ணை ஏதோ தொழிற்சாலை இலக்கம் என்று நினைத்திருந்தேன்.

கடைக்குப் பெயர் இல்லை. முள்ளியவளை தாண்டி ஒட்டுசுட்டான் பக்கமாக வரும்போது, வீதியிலிருந்து சற்று உள்ளே, ஒரு பாலைமரத்துக்குக் கீழே தகரக் கொட்டில். வாசலில் அரைவாசி மண்ணில் புதைத்த லொறி ரயர்தான் அடையாளம். உள்ளே ஒரு கொம்பிரசர், ரியூப்பை அமிழ்த்திப் பார்க்கத் தண்ணீர்த் தொட்டி, ஒரு வாங்கில். புதிய ரயர்கள் வெளியில் தொங்குவதில்லை. பின்னறையில், சாக்கால் மறைத்து, நிமிர்த்தி அடுக்கியிருக்கிறார். முதல் நாள் அதைப் பார்த்தபோது, வியாபாரம் தெரியாத மனிதர் என்றுதான் நினைத்தேன். வாசலில் தொங்கவிட்டால்தானே சனம் பார்க்கும்?

அப்படி வாசலில் தொங்கிய ஒன்றைத்தான் அதற்கு நான்கு மாதங்களுக்கு முன் நகரத்துக் கடையொன்றில் வாங்கியிருந்தேன். அது என் மூன்றாவது ரயர். கொப்பியில் அதன் பக்கம் மட்டும் சிவப்புப் பேனையால் எழுதப்பட்டிருக்கிறது. 2023 ஓகஸ்ட். விலை 8,200 ரூபாய். மற்ற இடங்களைவிட 900 ரூபாய் குறைவு. கன்னங்கரேலென்று பளபளத்தது. பழைய ரியூப்பே போதும் என்றார் கடைக்காரர். பூட்டுக்கூலி 300 ரூபாய். நானும் மிச்சம் பிடித்த பெருமையோடு வீட்டுக்கு வந்தேன். ஒக்ரோபரில் பக்கச்சுவரில் மயிரிழை போலக் கீறல்கள் தெரிந்தன. வெயிலில் எல்லா ரயருக்கும் வருவதுதானே என்று விட்டுவிட்டேன். டிசெம்பரில் ஒரு காலை, முத்தையன்கட்டுக் குளத்துக்குப் போகும் கிரவல் வீதியில், மழை விட்ட கையோடு, பின் சில்லு தன் பாட்டில் இடப்பக்கமாகப் போனது. நான் வலப்பக்கமாகப் போனேன். பெட்டி நேராகப் போனது. 22 கிலோ சூடை மீன் வீதி முழுக்க. எனக்கு முழங்காலில் தோல் உரிந்ததோடு சரி. நாய்களுக்கு அன்று திருவிழா. ஒரு அம்மா கதவைத் திறந்து வந்து, கீழே கிடக்கிற மீன் கிலோ என்ன விலை என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், நியாயமான கேள்வி.

வண்டியை உருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்த இடம்தான் பாலைமரத்தடி. ஐயா சில்லைச் சுற்றிப் பார்த்தார். பக்கச்சுவரில் பாதி எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு. ரப்பருக்கு உள்ளே இருக்கும் நூல் அடுக்கு அறுந்துவிட்டது என்றார். பிறகு தண்ணீர் ஊற்றித் துடைத்து, ஒரு சிறு நீள்வட்டத்துக்குள் இருந்த நான்கு இலக்கங்களைக் காட்டினார்: 2218.

“தம்பி, இது எப்போது வாங்கினது?”

“நாலு மாதம் ஐயா.”

“வாங்கினது நாலு மாதம். பிறந்தது ஐந்தரை வருடம்.”

முதல் இரண்டு இலக்கம் கிழமை, கடைசி இரண்டு இலக்கம் ஆண்டு. 2018ஆம் ஆண்டின் 22ஆவது கிழமையில், அதாவது மே மாதக் கடைசியில் செய்த ரயர். 2000ஆம் ஆண்டிலிருந்து இந்த நான்கு இலக்க முறைதான். சில ரயர்களில் இது ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். பூட்டும்போது அந்தப் பக்கம் புகைக்குழாய்ப் பக்கமாகப் போய்விட்டால் குனிந்து, கிட்டத்தட்டப் படுத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஐயா ஒரு விடயத்தில் நியாயமாகக் கதைத்தார், அதுதான் எனக்கு அவரில் நம்பிக்கை வந்த இடம். இருட்டான, குளிர்ச்சியான இடத்தில் வைத்திருந்தால் இரண்டு மூன்று வருட ரயர்கூடப் பிழையில்லை என்றார். அதைக் கெடுத்தது வயது மட்டுமில்லை, வெயிலும்தான். ரப்பருக்குள் ஒருவகை மெழுகைக் கலந்துதான் ரயர் செய்கிறார்கள். சில்லு ஓடி ஓடி மடங்கும்போது அந்த மெழுகு மேலே வந்து ஒரு படலமாகக் காக்கும். ஓடாமல் வாசலில் தொங்கும் ரயருக்கு அந்தக் காவல் ஒழுங்காகக் கிடைப்பதில்லை. வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் ரப்பரை இறுக்கி வெடிக்க வைக்கின்றன. அந்தப் பளபளப்பு? மேலே தேய்த்த எண்ணெய். மண்ணெண்ணெயோ டீசலோ தேய்த்து மினுக்குவதை நம் ஆட்களும் செய்கிறார்கள். மினுக்கம் இரண்டு நாள் இருக்கும், ரப்பர் கெட்டுப்போனது கெட்டுப்போனதுதான்.

2020இல் வெளிநாட்டுப் பொருட்களுக்குக் கட்டுப்பாடு வந்தபோது ரயரும் அதில் அகப்பட்டது. அந்தக் காலத்தில் கிடைத்ததை வாங்கினோம், நூல் தெரியும் வரை ஓடினோம். கடைகளின் மூலைகளில் கிடந்த பழையவை அப்போதுதான் விலைபோகத் தொடங்கின. சியெற் களனி, டி.எஸ்.ஐ. என்று நாட்டுக்குள்ளேயே மோட்டார் சைக்கிள் ரயர் செய்கிறவர்கள் இருந்ததால் ஓரளவு தப்பினோம். இப்போது தட்டுப்பாடு இல்லை. ஆனால் இலக்கத்தைப் பார்க்காமல் வாங்கும் பழக்கம் மட்டும் நம்மிடம் நின்றுவிட்டது.

அந்த மூன்றாவது ரயர் 5,900 கிலோமீற்றர் ஓடியது. 8,500 ரூபாயை அதால் வகுத்தால் கிலோமீற்றருக்கு 1 ரூபாய் 44 சதம். அன்று ஐயாவிடம் வாங்கிய நான்காவது ரயர் 8,900, புதிய ரியூப் 1,450, பூட்டுக்கூலி 400, மொத்தம் 10,750 ரூபாய். அது 16,300 கிலோமீற்றர் ஓடி, ஏறத்தாழ ஒரு வருடம் கழித்து, நூல் தெரியாமல், வெடிக்காமல், கௌரவமாகக் கழன்றது. கிலோமீற்றருக்கு 66 சதம். 900 ரூபாய் மிச்சம் பிடித்த கெட்டித்தனத்தின் விலை அதுதான். சூடை மீனை இன்னும் சேர்க்கவில்லை.

அந்த 16,300 முழுவதும் ரயரின் கெட்டித்தனமில்லை, காற்றுக்கும் அதில் பங்கு உண்டு. நான் அதுவரை ஒரு பிழை செய்துகொண்டிருந்தேன். மதிய வெயிலில் ரயர் கல்லுப்போல் இறுகியிருக்கும். வெடித்துவிடுமென்று பயந்து கொஞ்சம் காற்றைத் திறந்துவிடுவேன். ஊரில் பாதிப் பேர் இதைச் செய்கிறார்கள். அடுத்த நாள் காலை ரயர் குளிர்ந்ததும் காற்று குறைந்திருக்கும், அதோடு 60 கிலோ ஏற்றினால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி நிமிரும். அந்த மடிப்பில்தான் சூடு பிறக்கிறது. அதாவது சூட்டுக்குப் பயந்து நான் செய்த வேலையே சூட்டைக் கூட்டியது. என் வண்டிக்குக் காற்றழுத்தம் முன்னால் 25 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்), பின்னால் தனியே போனால் 28, ஆள் ஏற்றினால் 32. மீன் பெட்டியும் ஒரு ஆள்தான் என்றார் ஐயா. இப்போது ஞாயிறும் புதனும் விடியற்காலையில், ஓட முன்னர், ரயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்கிறேன். அதற்கென்று சிறிய அளவுமானி ஒன்று வாங்கினேன். ஒரு குறை: ஐயாவின் கொம்பிரசர் அளவுமானியும் என்னுடையதும் எப்போதும் இரண்டு பி.எஸ்.ஐ. முரண்படும். அவர் தன்னுடையதுதான் சரி என்கிறார். நான் என்னுடையதை நம்புகிறேன்.

பூட்டும் வேலையை வாங்கிலில் இருந்து பார்ப்பது தனி இன்பம். சில கடைகளில் இரும்பைக் கொடுத்து நெம்பி, ஐந்து நிமிடத்தில் முடித்து, ரியூப்பில் புதிய ஓட்டையோடு அனுப்புவார்கள். இவர் முதலில் றிம்மைப் பார்க்கிறார். என் றிம் மீன் தண்ணீர் வடிந்து வடிந்து உள்ளே துருப்பிடித்திருந்தது. துருவின் கூர் ரியூப்பை அரிக்கும் என்று கம்பித் தூரிகையால் தேய்த்து, றிம் பட்டியை மாற்றினார். ரயரின் உட்புறத்தில் ஒரு பழந்துணியை விட்டுச் சுற்றி இழுக்கிறார். முள் நுனி எங்காவது நின்றால் துணியில் மாட்டும். ரியூப்பில் பவுடர் தூவுகிறார். ரயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அதை வால்வுக்கு நேரே வைக்கிறார். ரயரின் பாரம் குறைந்த இடம் அது, வால்வின் பாரம் அதைச் சமன் செய்யும். சுழலும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் அதையும் பார்க்கிறார். காற்றடித்த பின் றிம்மை ஒட்டி ரயரில் ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் காற்றை விட்டுச் சவர்க்காரத் தண்ணீர் பூசி மறுபடியும் அடிக்கிறார். எனக்கு இதற்கு ஐம்பது நிமிடம் ஆனது. ஐஸ் உருகுகிற அவசரத்தில் போகிறவர்களுக்கு இந்தக் கடை சரிவராது. புதிய ரயர் மேல் தோல் வழுவழுப்பாக இருக்கும், முதல் நூறு கிலோமீற்றருக்குச் சரித்துத் திருப்பாதே, திடீர் பிறேக் பிடிக்காதே என்று சொல்லித்தான் அனுப்பினார்.

எப்போது மாற்றுவது என்பதில்தான் இவரும் நானும் ஒவ்வொரு முறையும் வாதாடுகிறோம். ரயரின் ஓரத்தில் சிறு முக்கோணக் குறி இருக்கும். அதற்கு நேரே தவாளிப்புக்குள், அதாவது மேல் ரப்பரில் ஓடும் பள்ளத்துக்குள், பார்த்தால் ஒரு சிறு மேடு தெரியும். மோட்டார் சைக்கிள் ரயரில் அதன் உயரம் பொதுவாக 0.8 மில்லிமீற்றர். மேல் ரப்பர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமானால் ரயர் முடிந்தது. அந்தக் குறி சொல்வது அவ்வளவுதான். ஐயா அது வரை பொறுப்பதில்லை. ஒரு தீக்குச்சியை நடுத் தவாளிப்பில் குத்தி, நகத்தால் அடையாளம் வைத்து, வெளியில் எடுத்துக் காட்டுவார். மழைக்காலம் வருமுன் குச்சியில் இரண்டு மில்லிமீற்றர் இல்லையென்றால் மாற்று என்பது அவர் கணக்கு. தவாளிப்பின் வேலையே தண்ணீரை வழிய விடுவதுதான். கோடையில் மொட்டை ரயர் பிடித்துக்கொள்ளும், ஐப்பசி மழையில் அது தண்ணீருக்கு மேலே மிதக்கும். எனக்கு இது வியாபாரத் தந்திரமாகத் தோன்றியது. ஆனால் அதே மனிதர் போன சித்திரையில், முன் ரயரை மாற்றக் காசோடு போன என்னைத் திருப்பி அனுப்பினார். குச்சியைக் குத்திப் பார்த்துவிட்டு, “வேண்டாம் தம்பி, இன்னும் ஒரு வருடம் போகும், மீன் வாங்கு” என்றார்.

முன் ரயர் எனக்கு 27,000 ஓடியது. பாரமும் சங்கிலியின் இழுப்பும் பின்னுக்கு என்பதால் பின் ரயர்தான் முதலில் தேயும். அதற்காக முன் ரயரை மறந்துவிடக் கூடாது. தேயாமலே வயதாகிவிடும். ஐந்து வருடம் கடந்தால் வருடத்துக்கொரு முறை தெரிந்த ஒருவரிடம் காட்ட வேண்டும், பத்து வருடம் ஆனால் எப்படி இருந்தாலும் கழற்ற வேண்டும் என்பது ரயர் செய்கிறவர்கள் பலரின் அறிவுரை. கோயிலுக்கும் கடைக்கும் மட்டும் வண்டியை எடுக்கும் ஓய்வுபெற்றவர்கள்தான் இதைக் கவனிக்க வேண்டியவர்கள். 2022இல் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நான்கு லீற்றர் பெற்றோல் என்றிருந்தபோது என் இரண்டாவது ரயரும் அப்படித்தான் இருந்தது. தூரம் குறைவு, மாதங்கள் அதிகம்.

இன்னொரு அடையாளம் என் கொப்பியில் நானே கண்டுபிடித்தது. விடத்தல் முள் குத்தி ஒட்டுப் போட்ட நாட்களையும் எழுதி வைக்கிறேன். நான்காவது ரயரில் முதல் பத்தாயிரத்தில் இரண்டு ஒட்டு. கடைசி ஆறாயிரத்தில் ஏழு. முள் கூடவில்லை, ரப்பர் மெலிந்துவிட்டது. ஒட்டுக்காசு அடிக்கடி போகத் தொடங்கினால் வண்டி புதிய ரயர் கேட்கிறது என்று பொருள். அதோடு நேர்வீதியில் பாரத்தோடு ஓடுவதால் என் ரயர் நடுவில் தட்டையாகிவிடும். ஒழுங்கைக்குள் திருப்பும்போது படியிலிருந்து இறங்குவது போல ஒரு தட்டு. அது வந்த பிறகு தவாளிப்பு மிச்சமிருந்தாலும் ஓட மனம் வருவதில்லை. பக்கச்சுவரில் புடைப்பு வந்தாலோ நூல் தெரிந்தாலோ யோசிக்கவே வேண்டாம், அன்றே மாற்ற வேண்டும். மொட்டை ரயரில் கத்தியால் தவாளிப்பை ஆழமாக வெட்டிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஐயாவிடம் அப்படிக் கேட்ட ஒருவரை அவர் வாங்கிலில் இருந்து எழுப்பிவிட்டதை நேரில் பார்த்தேன்.

கடையின் குறைகளையும் எழுதாவிட்டால் எனக்குக் கமிஷன் என்பார்கள். அட்டை வாங்க மாட்டார், காசு மட்டும். கேட்காமல் பில் கிடைக்காது. பாடசாலைக் கொப்பித் தாளில் எழுதித் தருவார், ஆனால் அந்த நான்கு இலக்கத்தையும் சேர்த்து எழுதுவார். எல்லா அளவும் இருப்பில் இருக்காது, பெரிய மோட்டார் சைக்கிள்காரர்கள் சொல்லிவைத்துக் கிழமைக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ரியூப் இல்லாத ரயருக்கு ஒட்டுப் போடுவதில் அவர் கை அவ்வளவு சுத்தமில்லை. என் மைத்துனரின் ஸ்கூட்டர் இரண்டாம் நாள் மறுபடி காற்றிறங்கியது. விலையில் ஐந்து சதம் குறைக்க மாட்டார். கதை அதிகம்.

இந்த ஐந்தாவது ரயர் 3824. 2024 செப்ரெம்பரில் செய்தது, டிசெம்பரில் வாங்கியபோது மூன்று மாதக் குழந்தை. கம்பனிப் பெயரை எழுதவில்லை, ஒரு ரயரை வைத்து ஒரு தொழிற்சாலையை அளக்க முடியாது. 9,000 கிலோமீற்றரில் தீக்குச்சி மூன்று மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூடக் காட்டுகிறது. பக்கச்சுவரில் கீறல் இல்லை. நடுத் தட்டை தொடங்கிவிட்டது. புரட்டாதிக் கடைசியில் வந்து காட்டு என்றார் ஐயா. அதற்குள் 12,000 ஆகிவிடும். குச்சியில் இரண்டு இருந்தால் இந்த மழைக்கும் ஓடலாம் என்று நான் நினைக்கிறேன். அவர் வேண்டாம் என்பார்.

போகிறவர்கள் காலை எட்டரைக்குப் பிறகு போங்கள். வெள்ளிக்கிழமை முழு நாளும் பூட்டியிருக்கும். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் கிழமையில் போகவே வேண்டாம், ஐயா அங்கேதான் நிற்பார்.